நெட்டில் சூப்பும் தொய்யக்கீரையும்: ஹ்யூவை மறுபடி பார்க்க ஆரம்பித்து ஐந்து வருஷம்

2008-ல் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்து பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. டீமில் இருந்த ஒரு அக்கா வேலை விஷயமாக இங்கிலாந்து போய்விட்டு வரும்போது சில டிவிடிகள் வாங்கி வந்தார். அதில் ஒன்று 'ரிவர் காட்டேஜ்'. லண்டனை விட்டு டார்செட் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோன மனிதர், காய்கறி போட்டு, பன்றி வளர்த்து, வேலியோரம் தானாக முளைத்ததைப் பறித்து வந்து சமைக்கிற தொடர். 1999-ல் அங்கே சேனல் 4-ல் வந்தது. அவர் பெயர் ஹ்யூ ஃபியர்ன்லி-விட்டிங்ஸ்டால்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்போம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது சமையலுக்காக இல்லை. மழையில் நனைந்துகொண்டு, கையெல்லாம் மண்ணாக, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்க்கும்போது அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காக. ஈட்டன் என்ற பணக்காரப் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த ஆள் அவர். 'கொல்லைக்குப் போகாதே, வெயிலில் கறுத்துப் போவாய், உட்கார்ந்து படி' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண் நான். படித்து முடித்துவிட்டு ஒருவர் தானாகவே களைக்கும் கீரைக்கும் திரும்பிப் போகிறார் என்பது அப்போது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அப்புறம் கல்யாணம், குழந்தை, ஷிஃப்ட். டிவிடி யார் கையில் போனதோ தெரியாது. பத்து வருஷத்துக்கு மேல் அவர் நினைப்பே இல்லை.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்ததும் பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் ஊருக்கு வந்துவிட்டோம். வீட்டில் அத்தை, அத்தையின் அம்மாவான ஆயா, ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை. சந்தை கிடையாது, காய் வண்டியும் ஒழுங்காக வரவில்லை. சித்திரையில் ரெண்டு கோடை மழை பெய்ததும் ஆயா ஒரு சும்மாட்டுத் துணியோடு கிளம்பிப் போய் மடி நிறையக் கீரை கொண்டு வந்தார். அன்று ராத்திரி களியும் அந்தக் கீரைக் கடைசலும். ஒரு வாய் வைத்ததுமே அந்தப் பழைய டிவிடி ஞாபகம் வந்துவிட்டது. ஃபோனில் அவர் பெயரைத் தேடினேன். ஆள் கொஞ்சம் வயசாகி, முடி நரைத்து, அதே மாதிரி ஒரு வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவரை விடாமல் பார்க்கிறேன். பார்த்ததில் எதெல்லாம் எங்கள் ஊருக்கு ஒத்துவந்தது, எது வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இது. காட்டுக்கீரை, வேலியோரப் பழம் என்று ஆசைப்பட்டு வெளிநாட்டு வீடியோ பார்ப்பவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு உதவும்.

முதலில் நெட்டில். இங்கிலாந்தில் எங்கே பார்த்தாலும் முளைக்கும் அரிப்புச் செடி. வசந்த காலத்தில் கையுறை போட்டுக்கொண்டு நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளி, கொதிக்க வைத்தால் அரிப்பு போய்விடும். அதில் அவர் சூப் வைப்பார். பூ வந்துவிட்டால் பறிக்கக் கூடாது. இந்த இடத்தை ஆயாவுக்குக் காட்டினேன். ஆயாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொழுந்த மட்டும்தான் கிள்றாரு சாமி. அடியோட புடுங்கல. தெரிஞ்சவருதான்."

பிறகு அவரே சொன்னார்: "நம்ம பண்ணக்கீரையும் அப்பிடித்தான். கதிரு விட்டுட்டா நாரு. மாட்டுக்குத்தான் ஆகும்."

அந்த ரெண்டு வாக்கியத்துக்குப் பிறகுதான் எனக்கு வழி புரிந்தது. சமையல் குறிப்பை எழுதி வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். ஹ்யூ எதைக் கவனிக்கிறார், எப்போது பறிக்கிறார், எவ்வளவு விட்டுவைக்கிறார் என்று பார்த்து, அதே கேள்வியை ஆயாவிடம் கேட்க ஆரம்பித்தேன். பதில் முழுக்க எங்கள் கொல்லையிலேயே கிடைத்தது.

ஒரு நோட்டுப் போட்டேன். தமிழ் மாசக் கணக்கு. கேழ்வரகுக் கொல்லையில் ஆடி, ஆவணியில் முதல் களை எடுக்கும்போது தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணை, கானாவாழை. மழை நன்றாகப் பிடித்த பிறகு வேலியில் முடக்கத்தான், கோவை, பிரண்டைக் கொழுந்து. கிணற்று மேட்டில் மணத்தக்காளியும் மூக்கிரட்டையும். ஈரம் நிற்கிற இடத்தில் புளியாரை. இதில் ஏழெட்டை ஒன்றாகப் போட்டுக் கடைவதுதான் எங்கள் வீட்டுக் கலவைக்கீரை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதையே பெரகெ சொப்பு என்பார்கள். எந்தக் கீரை எவ்வளவு என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. புளியாரை ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் புளிப்பு தூக்கிவிடும். அது கொஞ்சம் கூடும் நாளில் புளி வேண்டாம். சாரணையைத் தனியாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். தும்பை மணத்துக்கு நாலு கொழுந்து போதும். துவரம்பருப்பு ஒரு கை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம். மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டே சொல்கிறேன்.

ஹ்யூவிடம் நான் எடுத்துக்கொண்ட ரெண்டாவது பழக்கம், தின்னக்கூடாததை முதலில் தெரிந்துகொள்வது. அவர்கள் ஊரில் காட்டுப்பூண்டு என்று ஒரு இலை உண்டு. அதே இடத்தில், அதே தோற்றத்தில் விஷச் செடியும் முளைக்கும். கசக்கினால் பூண்டு மணம் வருகிறதா என்பது ஒரு சோதனை. ஆனால் கையில் ஏற்கனவே அந்த மணம் ஒட்டியிருந்தால் அதுவும் ஏமாற்றும். அதனால் ஒவ்வொரு இலையாகப் பார்க்க வேண்டும். எங்கள் வேலியில் செங்காந்தள் படர்கிறது. பூ அழகு. கிழங்கு ஆளைக் கொல்லும். கிழங்கு தோண்டப் போகிறவர்கள் அந்தக் கொடியைப் பூ இல்லாத காலத்திலும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். குன்றிமணி, ஊமத்தை இரண்டையும் என் பெண்ணுக்கு ஆறு வயசிலேயே காட்டிக் கொடுத்துவிட்டோம். இன்னொன்று: நெட்டில் சூப் பார்த்துவிட்டு யாரும் நம் ஊர்க் காஞ்சொறியைப் பறித்துவிடாதீர்கள். ரெண்டும் அரிக்கும், அவ்வளவுதான் ஒற்றுமை. குடும்பமே வேறு.

காளானில் நான் இறங்கவே இல்லை. இடி மழைக்குப் பிறகு புற்றில் வருகிற காளானை ஆயா பார்த்து, தொட்டு, வேரோட்டம் புற்றுக்குள் போகிறதா என்று தோண்டிப் பார்த்துச் சொன்னால் உண்டு. வேறு எதுவும் வீட்டுக்குள் வராது. வீடியோவைப் பார்த்துக் காளான் பறிப்பது உயிரோடு விளையாடுகிற வேலை.

இப்போது ஒத்துவராதவை. அவருடைய தொடர்களில் முயல், காட்டுப் புறா, ஃபெசன்ட் பறவை என்று வேட்டைக் கறி நிறைய வரும். இங்கே 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டு முயலோ கௌதாரியோ பிடித்தால் குற்றம். நான் அந்தப் பகுதிகளைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறேன். பறிப்பதற்கும் அவர்கள் நாட்டில் தனிச் சட்டம். 1968-ன் திருட்டுச் சட்டத்தில், தானாக முளைத்த பழம், பூ, இலை, காளான் இவற்றை விற்பதற்காக இல்லாமல் பறித்தால் திருட்டு ஆகாது என்று இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கத்தான் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். இங்கே அந்தத் தைரியத்தில் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. அங்கே கிடைப்பதன் மேல் காலங்காலமாக அதை நம்பி வாழ்கிற பழங்குடி மக்களுக்கு 2006-ன் வன உரிமைச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. நகரத்திலிருந்து கூடை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இல்லை. சித்தேரி மலைச் சாமையோ தேனோ வேண்டுமென்றால் அவர்களிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாங்கள் எங்கள் கொல்லை, கேட்டுவிட்டுப் போகிற பக்கத்துக் கொல்லை, ஏரிக்கரை, இவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எல்டர் என்று அவர்கள் ஊர் மரம் ஒன்று; அதன் பூவில் அவர் செய்கிற சர்பத்து என்னை ஒரு வருஷம் அலைக்கழித்தது. வெந்நீரில் பூவையும் எலுமிச்சைத் தோலையும் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்ப்பது. எங்கள் பக்கம் ஆவாரம்பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே என்று அதில் செய்தேன். நிறம் வந்தது. மணம் இல்லை, துவர்ப்புதான் இருந்தது. பூவைக் குறைத்தேன், நேரத்தைக் குறைத்தேன், சரிப்படவில்லை. ஆவாரம்பூ கூட்டுக்கும் தேநீருக்கும் நல்லது, சர்பத்துக்கு இல்லை. நன்னாரியில் அருமையாக வந்தது. ஆனால் வேரைத் தோண்டினால் கொடி போய்விடும். ஒரு பாட்டிலுக்காக வேலியில் இருந்த ரெண்டு கொடியைத் தோண்டிவிட்டேன். அடுத்த வருஷம் அந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இப்போது தொட்டியில் வளர்க்கிறேன்.

நன்றாக வந்தது விளாம்பழ ஜெல்லி. அவர்கள் வேலியோரப் பழங்களில் ஜெல்லி போடும்போது புளிப்பான காட்டு ஆப்பிளைச் சேர்ப்பார்கள். அதிலிருக்கும் பெக்டின்தான் ஜெல்லியை உறைய வைக்கும். விளாம்பழத்திலும் பெக்டின் நிறைய. முழுசாகப் பழுக்காத, கொஞ்சம் புளிப்பு மீதி இருக்கிற பழமாகப் பார்த்து உடைத்து, சதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, வேட்டித் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்க விட வேண்டும். அவசரப்பட்டுப் பிழிந்தால் சாறு கலங்கிவிடும். சொட்டிய சாற்றுக்குச் சமமாகச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் நகர்த்தினால் சுருங்க வேண்டும். அடுத்து இறக்கிவிடலாம். தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். நாலு வருஷமாக ஐப்பசியில் போடுகிறேன். என் பெண் ராகி தோசைக்கு இதைத்தான் கேட்கிறாள்.

புளியங்கொழுந்தைச் சொல்லாமல் விட முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டிலும் புளியமரத்துக்குக் குறைவில்லை. கோடையில் இளஞ்சிவப்பாகத் துளிர்க்கும் அந்த இலையைப் பருப்போடு வேகவைப்பது அத்தையின் பிறந்த வீட்டுச் சமையல். அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், சிந்த சிகுரு என்பார்கள். கல்யாணமாகி வந்த பிறகு இத்தனை வருஷம் அத்தை இங்கே அதைச் செய்ததே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"புளியந்தழையத் திங்கறாங்கன்னு பேசுவாங்கம்மா. அதான் விட்டுட்டேன்."

இப்போது வருஷத்தில் நாலைந்து தடவையாவது செய்கிறோம். அத்தைதான் மரத்தடியில் நின்று எந்தக் கிளை என்று கை காட்டுவார்.

ஹ்யூ மேல் மரியாதை கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுப்போடு அவர் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டுக்கு மேல் வலையில் விழுந்த நல்ல மீனைச் செத்த பிறகு கடலிலேயே கொட்டிவிட வேண்டிய நிலை இருந்தது. 2011-ல் டிவியில் அதைக் காட்டி லட்சக்கணக்கான பேரைக் கையெழுத்துப் போட வைத்தார். 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் மீன்பிடிக் கொள்கையை மாற்றி, அப்படிக் கொட்டுவதைப் படிப்படியாகத் தடை செய்ய முடிவெடுத்தது. 2015-ல் பிபிசி தொடர் ஒன்றில், வளைந்து இருக்கிறது, அளவு சரியில்லை என்று தள்ளப்பட்டு மலையாகக் குவிந்த பார்ஸ்னிப் கிழங்கின் முன்னால் போய் நின்றார். அதைப் பார்த்தபோது எனக்கு ராயக்கோட்டைச் சாலைதான் கண்ணுக்குள் வந்தது. விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது, கூடை கூடையாகத் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்துக் கொல்லை அண்ணனும் ஒரு வருஷம் அப்படிச் செய்தார். மறு வருஷம் அவரிடம் ஆறு கிரேடு (பெட்டி) தக்காளி வாங்கி, பாதியாக வெட்டி, உப்புத் தூவி, வெள்ளைத் துணி மூடி மாடியில் காயவைத்தோம். மாசி, பங்குனி வெயிலில் நாலைந்து நாளில் வற்றலாகிவிடுகிறது. ஒரு கிலோ வற்றலுக்கு இருபது கிலோவுக்குப் பக்கமாகப் பழம் போகும். இதனால் விலை ஏறப்போவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு கிரேடுக்கு அவருக்குக் காசு கிடைத்தது, எங்களுக்கு ஆடி வரை குழம்புக்கு ஆனது.

குறை என்று பார்த்தால், அவர் சமையலில் வெண்ணெயும் கிரீமும் தாராளம். களிக்கு அது பொருந்தாது. பழைய தொடர்களில் கறி அதிகம். 2011-ல் அவரே சில மாதம் கறியை விட்டுவிட்டுக் காய்கறிக்கென்று தனித் தொடர் எடுத்தார், புதிதாகப் பார்க்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். இன்னொரு விஷயம், அவர் நடக்கிற வேலியோரத்தைப் பார்த்துவிட்டு இங்கே எந்த வரப்பிலும் கை வைத்துவிட முடியாது. களைக்கொல்லி அடிக்காத வரப்பு குறைந்துகொண்டே வருகிறது. அடித்த ரெண்டு மூன்று நாள் கீரை பச்சையாகத்தான் இருக்கும், பார்த்தால் தெரியாது. கேட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டும். நான்குவழிச் சாலை ஓரத்தில் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

போன ஆவணியிலிருந்து ஆயாவால் குனிந்து பறிக்க முடிவதில்லை. வரப்பில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டு நானும் பெண்ணும் பறித்துக்கொண்டு வந்து மடியில் கொட்டுவோம். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். போன வாரம் முழுக் குவியலையும் பிரித்து முடித்துவிட்டு, நாலே நாலு தண்டை எடுத்துத் தனியாக வைத்தார். என் பெண் பறித்த பண்ணைக்கீரை, கதிர் விட்டது.