வண்ணாரப்பேட்டை வீட்டு நர்சிங் சேவை: கை சுத்தம் நன்று, கற்றுத்தருவது போதாது

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வரை நர்ஸை அனுப்பும் சிறிய நிறுவனம் இது. படுக்கைப்புண் டிரெஸ்ஸிங், சிறுநீர்க் குழாய் பராமரிப்பு இரண்டையும் வைத்து மதிப்பிடுகிறோம். பெயர் தேவையில்லை, யாரை அழைத்தாலும் பார்க்க வேண்டியவை இவையே.

டிரெஸ்ஸிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண கிளவுஸ் போட்டுப் பழைய கட்டைப் பிரிக்கிறார்கள், கிளவுஸைக் கழற்றிப் போட்டு ஹேண்ட் ரப் (ஆல்கஹால் கலந்த கை சுத்தம் செய்யும் திரவம்) தேய்க்கிறார்கள், அதன் பிறகே ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கிளவுஸ். நடுவில் வரும் அந்த ஹேண்ட் ரப்தான் பல இடங்களில் விட்டுப்போகும். கிளவுஸைக் கழற்றும்போதே மணிக்கட்டில் கிருமி ஒட்டலாம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் கிளவுஸில் இருக்கலாம். விரல் நுனி, கட்டைவிரல் விடாமல் 20 முதல் 30 விநாடி, கை காயும்வரை தேய்க்கிறார்கள். கையில் சீழோ ரத்தமோ பட்டால் சோப்புதான், 40 முதல் 60 விநாடி. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளில் டிரம்முக்குள் கை விடுவதில்லை. ஒருவரை மக்கால் ஊற்றச் சொல்லிக் கழுவுகிறார்கள். வீட்டுத் துண்டைத் தொடாமல் டிஷ்யூவில் துடைக்கிறார்கள்.

சிறுநீர் நாறுகிறது என்று வீட்டார் சொன்னதும் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை), ஆன்டிபயாட்டிக் என்று ஓடாததும் பாராட்டுக்குரியது. நீண்ட நாளாகக் குழாய் போட்டிருப்பவரின் சிறுநீரில் கிருமி இருப்பது வழக்கம்தான். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலா அல்லது அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் இவற்றில் ஏதாவது சேர்ந்தால்தான் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

சறுக்குவது வீட்டாருக்குக் கற்றுத்தருவதில். நர்ஸ் இருப்பது அரை மணி நேரம், மீதி நாளெல்லாம் குழாயோடு சேர்ந்த சிறுநீர் பேக்கைப் பிடிப்பது மகளோ மருமகளோ. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நீங்க எப்படிக் காலி பண்ணுவீங்க, செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேட்டால்தான் தப்பு தெரியும். பேக்கின் முனை பக்கெட்டில் இடிக்கும், அல்லது கீழ் வால்வைத் திறப்பதற்குப் பதில் குழாயும் பேக்கும் சேரும் இடத்தையே பிரித்துவிடுவார்கள். கிருமிக்கு அதைவிடச் சுலபமான வாசல் இல்லை. பேக் மூன்றில் இரண்டு பங்கு நிறையும் முன் காலி செய்ய வேண்டும், அது தரையில் படக்கூடாது, சிறுநீர்ப்பைக்கு மேலே ஏறக்கூடாது.

இங்கே முக்கியமான ஒன்றை அவர்கள் சொல்வதேயில்லை. ஹவுசிங் போர்டு வீடுகளின் குறுகிய படிக்கட்டில் நோயாளியை நாற்காலியோடு இறக்கும்போது பேக்கை அவர் மடியில் வைத்துவிடுவார்கள். குழாயில் நின்ற சிறுநீர் கிருமியோடு உள்ளே திரும்பும். இறக்கும் முன் பேக்கையும் குழாயையும் வடித்துவிட வேண்டும். ஒருவர் பேக்கை நோயாளியின் இடுப்புக்குக் கீழே பிடித்தபடியே கூட இறங்க வேண்டும். கையில் தரும் குறிப்புத் தாள் முழுக்க ஆங்கிலம். இதைத் தமிழில் எழுதித்தர ஒரு மணி நேரம் போதுமே!

பெரிய குறை, அவசரத்தில் அவர்கள் சொல்லும் பதில். நடுக்கத்தோடு காய்ச்சல் என்று போன் செய்தால் "சிஸ்டர் வந்து பார்ப்பாங்க" என்கிறார்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோடு வேகமான மூச்சு, உளறல், சிறுநீர் குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால் ரத்தத்தில் கிருமித் தொற்று பரவியிருக்கலாம். அப்போது காத்திருக்கக் கூடாது, உடனே 108. சந்துக்குள் வண்டி நுழையாது என்றால் தெருமுனையில் ஒருவர் நிற்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் சிறுநீர் மட்டும் நின்றால் முதலில் குழாய் மடிந்திருக்கிறதா, நோயாளி அதன் மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். சரிசெய்தும் வராமல் அடிவயிறு உப்பி வலித்தால் அடைப்பு. வீட்டார் சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு.

ஊசிகளைத் துளை விழாத வெள்ளை டப்பாவில் எடுத்துப்போகிறார்கள், நல்லது. சீழ் ஊறிய பஞ்சையும் கட்டுத்துணியையும் வீட்டுக் குப்பையிலேயே விடுகிறார்கள். அதை வெறுங்கையால் பிரிப்பது தூய்மைப் பணியாளர். மருத்துவமனை என்றால் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பைக்குப் போக வேண்டியது அது. கூடவே எடுத்துப்போகச் சொல்லி வற்புறுத்துங்கள்.

முன்பதிவு செய்யும்போது, இரவில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பகல் வேலைக்குப் போகிறவர்தான் பல வீடுகளில் இரவு பேக்கைக் காலி செய்கிறவர். காலை 11 மணி வருகையில் அவர் இருப்பதில்லை.