ஃபென்பான் சைக்கிள் பாதை: பல வருடம் ஓட்டிய பிறகு

மலைக்காட்டுக்குள் சைக்கிளில் போக வேண்டும், ஆனால் மேடு ஏறி மூச்சு வாங்கக் கூடாது, பின்னால் லாரி வந்து உறுமவும் கூடாது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஃபென்பான். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆகன் நகரில் தொடங்கி, பெல்ஜியம் வழியாக, லக்சம்பர்க்கின் வட முனையில் த்ருவவியெர்ஜ் என்ற சிற்றூரில் முடிகிறது. மொத்தம் 125 கிலோமீட்டர். பெரும்பகுதி ஜெர்மனியும் பெல்ஜியமும் பகிர்ந்துகொள்ளும் ஹோஹெஸ் ஃபென்–ஐஃபெல் இயற்கைப் பூங்காவுக்குள் போகிறது. ஆகனில் குடியிருப்பதால் எனக்கு இது வீட்டு வாசல் பாதை. முழுதாகவும், துண்டு துண்டாகவும், பாரம் ஏற்றியும் ஏற்றாமலும் ஓட்டியிருக்கிறேன். நல்ல பாதைதான். ஆனால் எல்லோரும் புகழும் பகுதியும் எனக்குப் பிடித்த பகுதியும் வேறு வேறு.

இது பழைய ரயில் தடம். 1880களில் அன்றைய ஜெர்மனியின் பிரஷ்ய அரசு போட்டது. வடக்கே ஆகன் பக்கத்து நிலக்கரி தெற்கே போகும், லக்சம்பர்க்கின் இரும்புத்தாது வடக்கே வரும். நீராவி எஞ்சின் சரக்கோடு ஏற வேண்டும் என்பதால் தடம் மலையை வளைத்து வளைத்துப் போகிறது, சரிவு பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆகனில் கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரத்தில் கிளம்பி, பெல்ஜியக் கிராமமான சூர்பிரோட் அருகே 550 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள், ஏறியதே தெரியாது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, முழு நீளத்தையும் 2013இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள்.

இந்தச் சீரான சரிவுக்கு ஒரு விலை உண்டு, அதை விளம்பரத் தாள்களில் போட மாட்டார்கள். சாதாரண மலைச் சாலையில் ஏறும்போது சீட்டை விட்டு எழுந்து மிதிப்பீர்கள், இறங்கும்போது கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே இரண்டும் இல்லை. மணிக்கணக்கில் ஒரே மாதிரி உட்கார்ந்து ஒரே மாதிரி மிதிக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் முழங்கால் ஒன்றும் சொல்லாது, உட்காரும் இடம்தான் வலிக்கும். அதனால் இந்தப் பாதைக்குச் செலவு செய்வதென்றால் கியரில் செய்யாதீர்கள், நல்ல சீட்டில் செய்யுங்கள். வலிக்கிறதோ இல்லையோ, அவ்வப்போது எழுந்து நின்று மிதிப்பது என் வழக்கம்.

ஆகனிலிருந்து மொன்ஷாவ் வரைக்கும் உள்ள வடக்குப் பகுதிதான் பிரபலமானது. கோர்னெலிமுன்ஸ்டர் பள்ளத்தாக்கை உயரமான பாலத்தில் கடப்பது அழகு. ராரன் பழைய ஸ்டேஷனில் துருப்பிடித்த பெட்டிகள் நிற்கும். வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இந்தப் பக்கம் போகாதீர்கள். மின்சார சைக்கிள் கூட்டம், குழந்தைகள், நாய்கள், ஸ்கேட்டிங் போகிறவர்கள் என்று பெல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காரில்லாத பாதை என்றால் அமைதியான பாதை என்று அர்த்தமில்லை. அதே இடம் செவ்வாய்க்கிழமை காலையில் வேறு ஊர் போல இருக்கும்.

ரோட்கன் தாண்டியதும் வரும் எல்லைக்கதை வேடிக்கையானது. முதல் உலகப்போருக்குப் பிறகு, 1919 வெர்சாய் ஒப்பந்தப்படி ஓய்ப்பன், மால்மெடி வட்டாரம் பெல்ஜியத்துக்குப் போனது. ரயில் தடமும் பெல்ஜியத்துக்கே என்று முடிவானதால், தடத்துக்கு மேற்கே இருந்த ஜெர்மன் நிலங்கள் தாய்நாட்டிலிருந்து துண்டாகிப்போயின. அப்படி ஐந்து துண்டுகள் இன்னும் இருக்கின்றன. இருபுறமும் ஜெர்மன் வீடுகள், டயருக்குக் கீழே மட்டும் பெல்ஜியம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் காபி வரி எக்கச்சக்கமாக இருந்ததால், ம்யூட்ஸெனிஷ் போன்ற எல்லைக் கிராமங்கள் வழியாக மூட்டை மூட்டையாகக் காபி கடத்தினார்கள். 1953இல் வரியைக் குறைத்த பிறகுதான் அடங்கியது. இப்போது எல்லையைக் காட்டுவது பெயர்ப்பலகைகளும், மாறும் போக்குவரத்துக் குறிகளும்தான்.

மொன்ஷாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதை மேலே, ஊர் கீழே ரூர் ஆற்றங்கரையில். மரச்சட்ட வீடுகளைப் பார்க்க இறங்கினால் திரும்ப ஏறித்தான் ஆக வேண்டும், அந்த ஏற்றத்தை எந்த ரயில் பொறியாளரும் உங்களுக்காகச் சமப்படுத்தி வைக்கவில்லை. பாரம் ஏற்றிய சைக்கிளோடு நான் இறங்குவதே இல்லை. பிரேக் பேடு தேய்வதும் இங்கேதான், மற்றபடி ஃபென்பானில் பிரேக்குக்கு வேலை குறைவு.

என் வாக்கு தெற்குப் பகுதிக்கு. வெய்மெஸ் தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். பீச், ஸ்புரூஸ் மரக்காடுகள், மாட்டுக் கொட்டில்கள், இடையில் சின்னச் சின்னக் கிராமங்கள். மொந்தெனாவில் பன்றித்தொடையைப் புகை போடும் வாசனை பாதை வரை வரும், சைவக்காரர்கள் கொஞ்சம் வேகமாக மிதிக்கலாம். சாங்க்ட் ஃபித் ஊரில் பழைய கட்டடத்தைத் தேடினால் ஒரு கோபுரம்தான் கிடைக்கும். 1944 கிறிஸ்துமஸ் சமயத்துக் குண்டுவீச்சில் ஊர் தரைமட்டமானது. அதற்குத் தெற்கே பாதை ஓவர் ஆற்றுப் பக்கம் இறங்கி, லக்சம்பர்க் எல்லையில் ஒரு பழைய ரயில் குகைக்கு வருகிறது. குகைக்குள் வௌவால்கள் குடியிருப்பதால் நமக்கு அனுமதி இல்லை. மேலே ஏறி இறங்க வேண்டும், முழுப் பாதையிலும் கியரை நிஜமாகவே மாற்ற வேண்டிய இடம் அதுதான்.

எந்தத் திசையில் ஓட்டுவது? பலர் ஆகனிலிருந்து கிளம்புகிறார்கள். நான் த்ருவவியெர்ஜிலிருந்து வடக்கே வரச் சொல்வேன். கிளம்பும் இடமே 400 மீட்டருக்கு மேல் என்பதால் ஏற்றம் குறைவு. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும், அது முதுகில் தள்ளும். சூர்பிரோட் தாண்டிய பிறகு ஆகன் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம், களைத்துப்போன கடைசி மணிநேரங்கள் லேசாகக் கழியும். முடிந்தால் இரண்டு நாளாக்குங்கள், ஒரே நாளில் அடித்து முடிப்பதில் பெருமை தவிர வேறொன்றும் கிடைக்காது.

பெயரில் சதுப்பைக் குறிக்கும் ஃபென் இருந்தாலும், அந்தச் சதுப்பு மேட்டுநிலம் பாதையிலிருந்து அவ்வளவாகத் தெரியாது. தடம் பல இடங்களில் மண்ணை வெட்டிய பள்ளத்துக்குள்ளோ, புதர்வேலிக்கு நடுவிலோ போகிறது. சதுப்பைப் பார்க்க சூர்பிரோட்டிலிருந்து விலகி, பெல்ஜியத்தின் மிக உயர்ந்த இடமான பொத்ராஞ்சுக்கு, 694 மீட்டர், ஏற வேண்டும். அங்கே மரப்பலகை நடைபாதைகளில் சைக்கிள் கூடாது, பூட்டி வைத்துவிட்டு நடக்க வேண்டும். வறண்ட காலத்தில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் நடக்கவும் கூடாது, தீ அபாயம் என்று பொருள். 2011 ஏப்ரலில் இங்கே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது.

வருடங்களில் கண்ணெதிரே மாறியது நிழல். பிரஷ்யர்கள் வரிசை வரிசையாக நட்டுவிட்டுப்போன ஸ்புரூஸ், 2018 முதல் தொடர்ந்த வறட்சியாலும் மரப்பட்டையைத் துளைக்கும் வண்டுகளாலும் பல இடங்களில் காய்ந்துபோய் வெட்டப்பட்டது. காடாக இருந்த வளைவுகள் சில இப்போது வெட்டவெளி. வெயில் காலத்தில் தொப்பியும் கூடுதல் தண்ணீரும் தேவைப்படுகிறது. மறுபக்கம், மேட்டுநிலத்தில் வருடத்துக்கு 1400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. மே மாதத்திலும் கையுறை வைத்திருப்பேன். மட்கார்டு இல்லாமல் வருகிறவர்களை முதுகில் உள்ள சேற்று வரியை வைத்தே அடையாளம் காணலாம். அக்டோபரில் ஈர பீச் இலைகள் வழுக்கும், வளைவில் வேகம் வேண்டாம்.

தார் இன்னும் நன்றாக இருக்கிறது, சில இடங்களில் வேர் தூக்கியிருப்பதைத் தவிர. 35 மில்லிமீட்டர் டயர் போதும். சாப்பாட்டுக்கு பெல்ஜியப் பக்கத்து உருளைக்கிழங்கு வறுவல் கடைகளை நம்பலாம், வார விடுமுறை கடைக்குக் கடை மாறும் என்பதால் பையில் ஏதாவது வைத்திருங்கள். ஜெர்மனியில் ஞாயிறு அன்று பல்பொருள் கடைகள் மூடியிருக்கும். தண்ணீருக்குப் பயணச் சைக்கிள்காரர்கள் கல்லறைத் தோட்டக் குழாயைத் தேடுவார்கள், குடிக்கத் தகாது என்ற பலகை இல்லையா என்று பார்த்துப் பிடியுங்கள்.

இதே இயற்கைப் பூங்காவில் இன்னொரு பாதையையும் சொல்ல வேண்டும். கெமுண்ட் என்ற ஊரிலிருந்து உர்ஃப்ட் ஏரிக்கரையோரம் அணை வரை போகும் சாலையில் கார் கிடையாது. நீண்ட காலம் பெல்ஜிய ராணுவப் பயிற்சிக்களமாக இருந்து, 2006இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. 1905இல் கட்டி முடித்த அந்த அணை வரை ஒரு பக்கம் நீர், மறுபக்கம் ஐஃபெல் தேசியப் பூங்காவின் செங்குத்தான காடு. நேரம் ஒரு நாள்தான் என்றால் ஃபென்பானை விட்டுவிட்டு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ரயில் விஷயம்: ஆகனிலிருந்து லியேஜ் போய், அங்கே மாறி கூவி என்ற ஊர் வழியாக த்ருவவியெர்ஜ் சேரலாம். பெல்ஜியத்தில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். லக்சம்பர்க்கில் 2020 மார்ச் முதல் இரண்டாம் வகுப்பு இலவசம், சைக்கிளுக்கும் காசு கிடையாது. கூவி வண்டி அடிக்கடி இல்லை, ஒன்றை விட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சில பெட்டிகளில் படி உயரம், பக்கப் பைகளை முன்பே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேராகப் போவதென்றால் வார நாளில் போங்கள், சனிக்கிழமை காலையில் அத்தனை சைக்கிளுக்கும் இடம் கிடைப்பது சந்தேகம்.