டை-நாக் மரவரி ஃபிலிம்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வெயிலில் பழைய ஸ்டேஷன் வேகன் காருக்கு

1970களின் ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவயர் வேகனின் பக்கவாட்டில் இருப்பது மரமில்லை, வினைல். அதற்கு மாற்றாக 3எம் நிறுவனத்தின் டை-நாக் ஃபிலிமைத் தாராளமாக வாங்கலாம். அகலம் 1.22 மீட்டர், அதனால் கதவில் இரண்டு துண்டாக இணைத்து ஒட்ட வேண்டியதில்லை. வெளிப்புற ரகம்தானா என்று கேளுங்கள். சுவருக்கான உள் ரகம் டர்பன் வெயிலில் வெளுத்துவிடும்.

வண்டி வாங்கும்போதே பழைய வினைல்மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் உள்ளே பட்டிதான். கடற்காற்றில் டிரிம் (அலங்காரப் பட்டை) கிளிப் ஓட்டைகளைச் சுற்றித் துரு பிடித்திருக்கும். சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் முழுசாகக் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். அவசரப்பட்டால் தின்னர் ஆவி அடியில் சிக்கிக் கொப்புளம் கிளம்பும், அப்புறம் மொத்தமும் உரிக்க வேண்டியதுதான்.

பழைய பசையை ஹீட் கன்னால் இளக்கி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஃபிலிமை இழுக்காதீர்கள்: பின்னால் சுருங்கி ஓரம் விலகும், வரியும் கோணும். கதவு விளிம்பில் பிரைமர் 94 (ஒட்டும் பிடிப்பைக் கூட்டும் 3எம் திரவம்) தடவி, 12 மி.மீ. உள்ளே மடித்துச் சூடுகாட்டி அழுத்துங்கள்.