கோகோ ஃபிளவனால் கேப்சூல்: மூன்று மாதம் பயன்படுத்திய பின்

கோகோவில் இயற்கையாக உள்ள ஃபிளவனால் என்ற தாவர வேதிப்பொருள் நுண் இரத்தக் குழாய்களின் உட்சுவரை நெகிழ்வாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் இந்தக் கேப்சூலை என் தாயாருக்காக வாங்கினேன். புட்டியில் ‘500 மி.கி. கோகோ’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அதில் ஃபிளவனால் எவ்வளவு என்பதை எங்குமே குறிப்பிடவில்லை. இது பெருங்குறை. ஏனெனில், அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட காஸ்மோஸ் ஆய்வில் நாள்தோறும் கொடுக்கப்பட்டது 500 மி.கி. ஃபிளவனால்தானே தவிர, வெறும் கோகோத் தூள் அன்று. அந்த அளவிலும்கூட மொத்த இதய, இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க வகையில் குறையவில்லை. இதயநோய் மரணங்கள் 27 விழுக்காடு குறைந்தது இரண்டாம் நிலை முடிவு மட்டுமே; அதாவது, ஆய்வின் முதன்மைக் கேள்விக்கான விடை அன்று. காரப்பொருள் (alkali) சேர்த்துப் பதப்படுத்தினால் கோகோவின் ஃபிளவனால் பெருமளவு அழிந்து, நிறம் கறுத்து, கசப்பும் துவர்ப்பும் மங்கிவிடும். ஒரு கேப்சூலைப் பிரித்துத் தூளை நாவில் வைத்துப் பார்த்தேன். கருநிறத்தில், துவர்ப்பே இல்லாமல் இருந்தது. மறுபடி வாங்கப்போவதில்லை.