ஒட்டு நெல்லி கன்னு வாங்கலாமா?

டவுனுக்கு வெளிய இருக்குற ஒரு நர்சரில என்.ஏ-7 ஒட்டு நெல்லி கன்னு வாங்கி வீட்டுக்கு பின்னாடி வச்சோம், இப்ப காய்க்க ஆரம்பிச்சிருச்சு, அதான் எழுதுறேன். கன்னுக்கு தாராளமா நாலு ஸ்டார். கடைக்கு ரெண்டு குடுக்குறதே யோசனைதான்.

முதல்ல காய். என்.ஏ-7 உத்தரப்பிரதேசத்து ரகம், காய் நல்ல பெருசு, நார் கம்மி. இட்லிப் பானைல ஆவி காட்டி எடுத்து லேசா அழுத்தினா போதும், மேல தெரியுற கோடு வழியாவே சுளை சுளையா பிரிஞ்சு கொட்டை தனியா வந்துருது, ஊறுகா போடுறவங்களுக்கு பாதி வேலை மிச்சம். தயிர் பச்சடிக்கும் சூப்பர். ஆனா எங்க அம்மா மட்டும் ஒத்துக்கல, நாட்டு நெல்லி தின்னுட்டு தண்ணி குடிச்சா வர்ற இனிப்பு இதுல பத்தலையாம், திரிபலாவுக்கு சேர்க்குற நெல்லிமுள்ளி இன்னும் நாட்டு மருந்து கடைலதான் வாங்குறாங்க.

இப்ப கடைக்கு வரேன். ஒட்டு கட்டின இடத்துக்கு கீழ துளிர் வந்தா உடனே கிள்ளிடணும், விட்டா அடிச்செடி மேல வந்து ஒட்டையே அமுக்கிடும், இத அவங்க சொல்லவே இல்ல. அதவிட பெரிய விஷயம், நெல்லி தனியா ஒரே ரகமா நின்னா காய் சரியா பிடிக்காது, பக்கத்துல வேற ரகம் வேணும். நான் கேட்டதுக்கே "ஒண்ணு போதும் சார்"னு பில்லு போட்டுட்டாங்க! அப்புறம் வேற இடத்துல தேடி பிஎஸ்ஆர்-1 வாங்கி வச்சோம், அது பவானிசாகர்ல நம்ம வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். அதுக்கப்புறம்தான் கிளை ஃபுல்லா காய் ஒட்டிக்கிட்டு நிக்குது.

கார்த்திகை வளர்பிறை துவாதசிக்கு துளசி மாடத்துல நட நெல்லிக் கொம்பு கேட்டு தெருல பாதி பேரு நம்ம வீட்டுக்குதான் வராங்க, குடுக்க சந்தோஷம்தான், ஆனா யாரையும் கையால ஒடிக்க விடாதீங்க, கட்டை அவ்வளவு ஸ்ட்ராங் இல்ல, இழுத்தா பெரிய கிளையே சேர்ந்து கிழியும். காய் அதிகமா இருக்கும்போது மூங்கில் முட்டு குடுத்துருங்க, இல்லன்னா பாரத்துலயே முறிஞ்சுரும்.