டேகெயார் பிள்ளைகளின் குளிர்காலத் தடிமனுக்கு மூக்குறிஞ்சி: எந்த வகை வாங்கலாம்?

ரொறன்ரோவில் வீட்டு ஹீட்டிங் ஓடத் தொடங்கும் நாளிலிருந்தே டேகெயார் போகும் பிள்ளைகளின் மூக்கும் ஓடத் தொடங்கும். இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு வருடத்தில் எட்டுப் பத்துத் தரம் தடிமன் பிடிப்பது சாதாரணம். கொடுப்பதற்கு மருந்தும் பெரிதாக இல்லை. 6 வயதுக்குக் கீழே இருமல், தடிமன் சிரப் வேண்டாம் என்று கனடா சுகாதாரத் துறை 2008 இலேயே சொல்லிவிட்டது. மிஞ்சுவது உப்புநீரும், சளியை இழுத்தெடுக்கும் மூக்குறிஞ்சியும்தான். ஃபார்மசித் தட்டில் உறிஞ்சி மூன்று வகையில் கிடைக்கிறது: பெற்றோர் வாயால் இழுக்கும் குழாய், ரப்பர் பல்ப், பட்டரியில் ஓடுவது.

மூன்றிலும் குழாய் வகைக்கே எங்கள் வாக்கு. சுவீடனில் தொடங்கிய நோஸ்ஃப்ரிடா இதில் பெயர் பெற்றது. அதே அமைப்பில் வேறு நிறுவனங்களும் செய்கின்றன. பிள்ளையின் மூக்கில் பொருத்த ஒரு பிளாஸ்டிக் முனை, அதன் பின்னால் பஞ்சு வடிகட்டி, பிறகு நீளமான மெல்லிய குழாய், கடைசியில் நீங்கள் வாய் வைக்கும் துண்டு. "சளி வாய்க்குள் வந்துவிடாதா?" என்று முகம் சுளிக்காதவர் இல்லை. சளி முனையிலேயே தங்கிவிடும், தாண்டினாலும் வடிகட்டி மறிக்கும். ஆனால் பிள்ளையின் முகத்தோடு முகம் வைத்து இருக்கும்போது தடிமன் உங்களுக்குத் தொற்றாமல் இருக்க எந்த வடிகட்டியும் உத்தரவாதம் தராது. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இதன் பலம், இழுக்கும் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது. நீராக ஓடும் சளிக்கு மெல்ல, தடித்த சளிக்குக் கொஞ்சம் பலமாக. முனை கண்ணாடிபோல் இருப்பதால் என்ன வருகிறது, இரத்தக் கீற்று ஏதும் இருக்கிறதா என்பதும் தெரியும்.

"ஒன்றுமே வரவில்லை" என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் உப்புநீர் விடாமல் இழுத்தவர்கள். ஹீட்டிங் காற்றில் காய்ந்து ஒட்டிய சளி வெறும் இழுவைக்கு அசையாது. பிள்ளையைத் துவாயால் கையோடு சேர்த்துச் சுற்றி, தலை சற்று உயர்ந்திருக்கப் படுக்கவையுங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று துளி உப்புநீர் விட்டு, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை காத்திருங்கள். முனையை உள்ளே திணிக்கக் கூடாது. துவாரத்தின் வாயை மூடும்படி வைத்தால் போதும். முனை கண்களை நோக்கி மேலே அல்ல, தலையின் பின்பக்கத்தை நோக்கி இருக்கவேண்டும், ஏனென்றால் மூக்கின் வழி அப்படித்தான் போகிறது. பிறகு சின்னச் சின்ன இழுவைகள். வராவிட்டால் இன்னும் பலமாக இழுக்காமல், இன்னும் இரண்டு துளி விட்டுக் காத்திருங்கள்.

நாளுக்கு மூன்று நான்கு தரத்துக்கு மேல் வேண்டாம். அடிக்கடி இழுத்தால் உள்தோல் வீங்கி, சளி எடுத்தும் அடைப்பு அப்படியே இருக்கும், இரத்தமும் வரலாம். பால் கொடுக்க முன்னும் நித்திரைக்கு முன்னும் செய்வதே பயன். பால் குடித்த கையோடு செய்தால் சத்தி எடுக்கும்.

குழாய் வகையின் பெரிய தொல்லை வடிகட்டிச் செலவு. ஒவ்வொரு தரமும் புதிதாக மாற்றச் சொல்கிறார்கள். நாளுக்கு மூன்று தரம் என்றால் 20 வடிகட்டி ஒரு கிழமைக்குத்தான் வரும். முதல் பெட்டியோடு வரும் நாலைந்தை நம்பியிருக்காமல் வாங்கும்போதே மேலதிகப் பை ஒன்றும் எடுங்கள். முனையைச் சூடான சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம். மெல்லிய குழாய்க்குள் தண்ணீர் போனால் இலகுவில் காயாது. காயாமல் சுருட்டி வைக்காதீர்கள்.

ரப்பர் பல்ப் மலிவுதான். ஆனால் உள்ளே கழுவவும் முடியாது, காய்ந்ததா என்று பார்க்கவும் முடியாது. பழைய பல்பை வெட்டிப் பார்த்தால் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருப்பது அதிசயமில்லை. வாங்குவதென்றால் இரண்டாகக் கழற்றக்கூடியதை வாங்குங்கள். அமுக்கிய பிறகே மூக்கில் வைக்கவேண்டும். வைத்தபின் அமுக்கினால் சளி உள்ளே போகும்.

பட்டரி வகையில் பாட்டும் வெளிச்சமும் இருக்கும், விலை கூட, தடித்த சளிக்கு இழுவை பெரும்பாலும் போதாது. யாரும் பரிசாகத் தந்தால் பாவியுங்கள்.

உப்புநீர் வாங்கும்போது போத்தலில் சோடியம் குளோரைட் 0.9 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். செறிவு கூடியது எரியும். அடைப்பு நீக்கும் மருந்து கலந்த ஸ்பிரேயும் அதே தட்டில்தான் இருக்கும். அது சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. தனித்தனிச் சிறு குப்பிகளில் வருவது விலை கூடினாலும் சுத்தம். வெளியில் மைனஸ் 15 பாகையில் கொண்டுவந்த போத்தலை உடனே மூக்கில் விட்டால் பிள்ளை அலறும். கைக்குள் பொத்திச் சற்றுச் சூடாக்குங்கள்.

அறை ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் சளி இவ்வளவு இறுகாது. குளிர்ந்த பனிப்புகார் விடும் ஈரப்பதமூட்டி போதும். கொதிநீராவி வகை பிள்ளையைச் சுட்டுவிடும்.

உறிஞ்சியை டேகெயாருக்குக் கொடுத்துவிட வேண்டாம். ஒன்ராறியோவில் 18 மாதத்துக்குக் குறைந்த 10 குழந்தைகளுக்கு 3 பேர்தான் பார்க்கிறார்கள். அவர்கள் மூக்கைத் துடைத்துக் கை கழுவுவதே பெரிய வேலை. காலையில் புறப்பட முன் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். உப்புநீர் கொடுப்பதென்றால் அதை மருந்தாகக் கணக்கெடுக்கிறார்களா என்று நிலையத்தில் கேளுங்கள். மருந்து என்றால் அசல் போத்தலிலேயே இருக்கவேண்டும், அதில் பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கவேண்டும், எப்போது எவ்வளவு என்று உங்கள் எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும். சருமக் கிரீம், லிப் பாம் போன்றவற்றுக்குப் பொதுவான ஒரு ஒப்புதல் போதும். அதையாவது கட்டாயம் கொடுத்து வையுங்கள்: காலநிலை விட்டால் நாளுக்கு இரண்டு மணிநேரம் வெளியில் விளையாடவிடுவது அங்கே சட்டம். அந்தக் குளிரில் ஒழுகும் மூக்கின் கீழ்த் தோல் வெடித்து எரியும், பிறகு பிள்ளைகள் துடைக்கவே விடமாட்டார்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல், மூச்சிழுக்கும்போது விலா உள்ளே போவது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடுவது, ஈர டயப்பர் குறைவது: இவற்றில் எது இருந்தாலும் உறிஞ்சியோடு மல்லுக்கட்டாமல் வைத்தியரிடம் போங்கள். மூச்சு எடுக்கச் சிரமப்பட்டால் 911. போவதா விடுவதா என்று சந்தேகமென்றால் 811 ஐ அழைத்தால் எந்த நேரமும் ஒரு தாதி பேசுவார்.