எட்டாம் கட்டத்துக்குப் போகாத சிப்பாய்

குன்னூரில் ஒரு சிறிய வாசகசாலையின் பின்னறையில், சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு, ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பன்னிரண்டு குழந்தைகளுக்கு நான் கதை படித்துக் காட்டி வருகிறேன். இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகளில் இரண்டாவது. 1871ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த, ஆலிஸ் நிலைக்கண்ணாடிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகிற கதை. வாரம் ஓர் அத்தியாயமாக எட்டு அத்தியாயங்களைப் படித்து, எட்டாவதன் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்காமல், ஆலிஸைக் கடைசி ஓடையின் கரையில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினேன். அவள் ஓடையைத் தாண்டி ராணியாவதைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்தேன். நாவலின் பெயரையே தாங்கி 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'ஆலிஸ் த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' படத்தை நான் முன்னதாகப் பார்த்திருக்கவில்லை. தலைப்பை நம்பினேன், அவ்வளவுதான் என் பிழை.

படத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் நாவலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வருத்தம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். அவருடைய கதைகளைப் பிதற்றல் என்று செல்லமாகச் சொல்வது வழக்கமானாலும், இந்த இரண்டாம் கதையின் பிதற்றலுக்கு அடியில் கறாரான ஒரு கணக்கு ஓடுகிறது. கண்ணாடிக்கு அப்பாலுள்ள நாடு ஒரு சதுரங்கப் பலகை. ஓடைகளும் வேலிகளும் அதன் கட்டங்களைப் பிரிக்கின்றன. ஆலிஸ் ஒரு வெள்ளைச் சிப்பாய். இரண்டாம் கட்டத்தில் தொடங்கி, ஓடைக்கு ஓடை தாண்டி, எட்டாம் கட்டத்தை அடைந்தால் அவள் ராணி. புத்தகத்தின் முகப்பிலேயே பலகையின் படத்தைப் போட்டு, வெள்ளைச் சிப்பாய் ஆடிப் பதினோரு நகர்வுகளில் வெல்லும் என்று எழுதியிருக்கிறார். ஆட்டத்தில் இரு பக்கத்தாரும் மாறி மாறித்தான் நகர்த்துகிறார்கள் என்று சொல்ல முடியாது என்றாலும், சிப்பாய் சிப்பாயாகவே நடக்கிறது, குதிரை குதிரையாகவே தாவுகிறது.

எங்கள் குழந்தைகளுக்கு இதை விளக்க நான் அதிகம் பாடுபடவில்லை. ஆலிஸ் ஒரு குன்றின் மேல் நின்று நாடு முழுவதும் கட்டங்கட்டமாகக் கிடப்பதைப் பார்க்கும் இடத்தைப் படித்தபோது, கேத்தியிலிருந்து வருகிற சிறுவன் ஒருவன், "எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்றான். கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்குமாக அந்தப் பள்ளத்தாக்கு பாத்தி பாத்தியாக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அவன் சொன்னதில் மிகையில்லை என்பது புரியும். அதைவிட ரயில் அத்தியாயத்துக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. சிப்பாய் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம் அல்லவா? அதனால் ஆலிஸ் மூன்றாம் கட்டத்தை ரயிலிலேயே கடந்துவிடுகிறாள். வெள்ளைக் காகித உடுப்புப் போட்ட ஒரு கனவானும் ஓர் ஆடும் ஒரு வண்டும் அவளுடைய சகபயணிகள். பயணச்சீட்டுக் கேட்டு வருகிற கார்டு, அவளை முதலில் தொலைநோக்கியாலும் பிறகு நுண்ணோக்கியாலும் பார்த்துவிட்டு, நீ தப்பான திசையில் போய்க்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிப் போய்விடுகிறார். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் எங்கள் மலை ரயிலை எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளி ஏற்றுகிறது. ஆகவே முன்பின் மாறிக் கிடக்கும் கண்ணாடி நாட்டு ரயில் இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அடுத்த அரை மணி நேரம் நான்தான் கார்டு. ஒவ்வொருவரும் என்னிடம் பயணச்சீட்டு இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள்.

படத்தில் ரயில் அத்தியாயம் இல்லை. சதுரங்கம் உண்டு, ஆனால் ஓரிரு நிமிடம். கண்ணாடி வழியாக உள்ளே வருகிற ஆலிஸ் சிறுத்துப்போய் உயிருள்ள காய்களுக்கு நடுவே நிற்கிறாள். முட்டை உருவமான ஹம்ப்டி டம்ப்டி விழுந்து உடைகிறான். அவள் ஒரு கதவைத் திறந்து வெளியே போகிறாள். அத்துடன் பலகைக்கு விடை கொடுத்தாயிற்று. சொல்லுக்கு நான் வைத்ததே பொருள் என்று ஆலிஸிடம் வாதாடுகிற ஹம்ப்டியை ஒரு முழு அத்தியாயம் ரசித்த குழந்தைகள், அவன் உடைந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடப்பது வேறொரு கதை. இந்த ஆலிஸ் ஏழரை வயதுச் சிறுமி இல்லை. 1874ஆம் ஆண்டில் மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையருக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தப்பிவரும் கப்பல் தலைவி. மியா வாசிகோவ்ஸ்கா அந்த வேடத்தில் நிமிர்ந்து நிற்கிறார், குறை சொல்ல ஏதுமில்லை. அவளுடைய நண்பன் தொப்பிக்காரன், இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிற தன் குடும்பம் உயிரோடிருப்பதாக எண்ணி ஏக்கத்தில் நோயாளியாகிவிட்டான். அவனைப் பிழைக்கவைக்க ஆலிஸ், காலம் என்கிற பாத்திரத்தின் கோட்டைக்குப் போய், கடந்த காலத்துக்குள் பறந்து செல்லும் ஓர் உலோக உருண்டையைத் திருடி, ஒவ்வொரு பழைய நாளாக இறங்கிப் பார்க்கிறாள். பின்னால் காலம் துரத்துகிறது. துரத்தல், தப்பித்தல், இன்னொரு நாள், மீண்டும் துரத்தல் என்று 113 நிமிடப் படத்தின் பெரும்பகுதி இப்படியே கழிகிறது. நாவலிலோ இந்தத் தொப்பிக்காரனுக்குப் பெயர் மாறிய ஒரு தூதுவனாகச் சில பக்கங்களே இடம் உண்டு. தொப்பிக்காரனாக நடிக்கும் ஜானி டெப், 2010ஆம் ஆண்டில் வந்த முதல் ஆலிஸ் படத்தில் வாங்கிய கைத்தட்டலுக்காக இரண்டாவதில் கதை முழுவதையும் அவருடைய சோகத்தின் மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். அந்த மழலைப் பேச்சையும் கண்ணீரையும் பாதிப் படத்துக்கு மேல் தாங்குவது பெரியவர்களுக்கே கடினம்.

நாவலிலிருந்து மாறியது என்பதற்காக மட்டும் நான் ஒரு படத்தைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே நடந்த கேடு வேறு. எதற்கும் காரணம் கேட்காத ஓர் உலகத்துக்குள் நுழைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பக் காரணத்தைத் தேடி ஒட்டியிருக்கிறார்கள். சிவப்பு ராணியின் தலை ஏன் அவ்வளவு பெரிது? சிறுவயதில் தங்கை, பலகாரத் துணுக்குகளைச் சிந்தியது அக்காதான் என்று பொய் சொல்ல, அக்கா அழுதுகொண்டே பனியில் ஓடி விழுந்து அடிபட்டதால் வீங்கிவிட்டதாம். அவள் ஏன் கொடுமைக்காரி? அதே பொய்யால்தான். தொப்பிக்காரன் ஏன் அப்படி இருக்கிறான்? அப்பா பாராட்டவில்லை. பெரிய தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமி, இந்த விளக்கம் வந்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள், பாவப்படவும் இல்லை. மாலை நேரத் தொடர்நாடகத்தில் அக்கா தங்கைச் சண்டையைத் தினம் பார்க்கிறவளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

ராணிகள் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு, இது முதல் படத்திலேயே தொடங்கியது. "தலையை வெட்டு" என்று கத்துகிறவள் 1865ஆம் ஆண்டின் முதல் நாவலில் வருகிற சீட்டுக்கட்டு ராணி, ஆட்டின் ராணி. இரண்டாம் நாவலின் சிவப்பு ராணி சதுரங்கக் காய். அவள் கொடியவள் இல்லை. நிமிர்ந்து பார், கேட்டால் மட்டும் பேசு என்று அதட்டுகிற பழைய காலத்து வாத்தியாரம்மா. இருந்த இடத்திலேயே இருப்பதற்குக்கூட மூச்சிரைக்க ஓடியாக வேண்டும் என்று ஆலிஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறவள் அவள். இருவரையும் ஒருத்தியாக்கி ஹெலனா பொன்ஹாம் கார்ட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள்; அவர் கத்துவது ரசிக்கும்படி இருக்கிறது, ஆனால் வாத்தியாரம்மா காணாமற்போய்விட்டார். ஆன் ஹாத்வேயின் வெள்ளை ராணி கைகளை மிதக்கவிட்டுக்கொண்டு அழகாக நிற்கிறார். நாவலின் வெள்ளை ராணியோ சால்வையை நேராகக் குத்திக்கொள்ளத் தெரியாதவள். காலத்தில் பின்னோக்கி வாழ்கிறவள். முதலில் அலறுவாள், பிறகு விரலில் ரத்தம் வரும், அதன் பிறகுதான் ஊசி குத்தும். ஆலிஸை வேலைக்கு அமர்த்த அவள் ஜாம் தருவதாகச் சொல்கிறாள்: நேற்று உண்டு, நாளை உண்டு, இன்று மட்டும் கிடையாது. இந்த இடத்தைப் படித்தபோது மளிகைக் கடைக்காரரின் மகன், எங்கள் கடையிலும் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம் என்று பெருமையோடு அறிவித்தான். காலப் பயணத்தைப் பற்றி ஒரு படம் எடுக்க வந்தவர்கள், காலத்தைத் தலைகீழாக வாழ்கிற ஒரு பாத்திரத்தை நாவலிலேயே வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் உருண்டை வாகனத்தைத் தேடிப் போனதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால், படத்தில் நன்றாக அமைந்தது காலம்தான். சாஷா பேரன் கோஹன் நடித்திருக்கிற அந்தப் பாத்திரத்தைக் குழந்தைகளுக்குத் தமிழில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை: காலன். "எமனா அக்கா?" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் நம் மொழியில் அந்தப் பாத்திரம் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது, ஏனென்றால் இந்தக் காலனின் கோட்டையில் உயிரோடிருப்பவர்களின் பைக்கடிகாரங்கள் டிக் டிக்கென்று ஓடியபடி தொங்குகின்றன; இறந்தவர்களுடையவை நின்றுபோய் வேறோர் இடத்தில் கிடக்கின்றன. அந்தக் காட்சியில் அறை முழுவதும் அமைதியாகிவிட்டது. என் பக்கத்தில் இருந்தவன், "எங்க தாத்தாவுது எந்தப் பக்கம் இருக்கும்?" என்று மெல்லக் கேட்டான். அவனுடைய தாத்தா சென்ற மார்கழியில் தவறியவர். நின்றுபோன பக்கம் என்று சொல்ல மனம் வராமல், அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

தேநீர் விருந்துக் காட்சியும் நன்று. முதல் நாவலில் தொப்பிக்காரன், காலத்தோடு தனக்குச் சண்டை வந்ததால் இப்போது எப்போதும் ஆறு மணியாகவே இருக்கிறது என்று சொல்வான். படத்தில் அந்தச் சண்டையை நேரில் காட்டுகிறார்கள்: விருந்துக்கு வந்த காலத்தை எல்லோரும் சிலேடையால் கிண்டல் செய்ய, கோபமடைந்த அவர் தேநீர் வேளைக்கு ஒரு நிமிடம் முன்பாக அவர்களை நிறுத்திவிட்டுப் போகிறார். சுற்றிலும் தேயிலை விளைகிற ஊரில், தேநீர் கைக்கு வராமலே ஒரு நிமிடம் நீண்டுகொண்டே போகிற தண்டனையின் கொடுமை உடனே புரிந்தது. விநாடிகள் என்கிற குட்டி இயந்திரங்கள் சேர்ந்து நிமிடமாகவும், நிமிடங்கள் சேர்ந்து மணியாகவும் உருவெடுப்பது இன்னொரு நல்ல கற்பனை. கரோலே கைதட்டியிருப்பார் என்று தோன்றுகிறது. கொலீன் ஆட்வுட்டின் உடைகள் கண்ணுக்கு விருந்து. முதல் படத்தில் கம்பளிப்புழுவுக்கும் இதில் வண்ணத்துப்பூச்சிக்கும் குரல் கொடுத்த ஆலன் ரிக்மன் 2016 ஜனவரியில் காலமானார். படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

வணிகக் கணக்கு சுருக்கமானது. 2010ஆம் ஆண்டில் டிம் பர்ட்டன் இயக்கிய முதல் படம் உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஜேம்ஸ் பாபின் இயக்கிய இது ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, 30 கோடியையே எட்டவில்லை.

வெள்ளைக் குதிரைவீரன் இல்லாததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏழாம் கட்டத்தில், குதிரையிலிருந்து முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் விழுந்துகொண்டே, தன் உருப்படாத கண்டுபிடிப்புகளைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே, ஆலிஸைக் காட்டின் எல்லை வரை கொண்டுவந்து விடுகிற கிழவர் அவர். அந்த வளைவை நான் அடைந்ததும் உன் கைக்குட்டையை ஆட்டு, எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டு போகிறார். அவர் விழுந்த ஒவ்வொரு முறையும் பெஞ்சைத் தட்டிச் சிரித்த குழந்தைகள், அந்தக் கைக்குட்டையில் வந்து நின்றுவிட்டார்கள். அப்பாவின் பாராட்டு, தங்கையின் மன்னிப்பு, குடும்பம் ஒன்றுசேர்தல் என்று படம் பிழிந்து பிழிந்து வரவழைக்கப் பார்க்கிற உருக்கம், ஒரு கைக்குட்டையில் கரோலுக்குக் கிடைத்துவிட்டது.

ஆலிஸ் கதைகளைப் படிக்காத பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள், வண்ணங்களுக்காகவும் கடிகாரக் கோட்டைக்காகவும் மழை நாளில் ஒரு முறை பார்க்கலாம். நாவலைப் படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்குத் தேநீர் விருந்தையும் கோட்டையையும் தனியே எடுத்துக் காட்டினால் போதும். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றரை தருவேன். அதில் ஒன்று காலனுக்கு.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, பள்ளியில் சதுரங்கம் ஆடுகிற ஒருத்தி என் புடவையைப் பிடித்து இழுத்து, "சிப்பாய் எப்ப அக்கா ராணியாகும்?" என்று இரண்டு முறை கேட்டாள். இதோ வரும் என்று முதல் முறையும், தெரியவில்லையே கண்ணு என்று இரண்டாம் முறையும் சொன்னேன். ஆலிஸ் இன்னும் கடைசி ஓடையின் கரையிலேயே நிற்கிறாள். வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு, விட்ட பக்கத்திலிருந்து படிக்கிறோம்.